குதிகால் மிதி

திங்கட்கிழமைக் கப்பலிலிருந்து இறங்கிய லாரியின் மூலையில், அட்டையும் கயிறும் சுற்றிய ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் நின்றது. பன்டெலிஸ் அதைப் பெண் பார்க்க வந்தவர் போல இரண்டு தரம் சுற்றி வந்தார். மூன்றாவது சுற்றில் முழங்கால் வலித்ததோ என்னவோ, லாரிப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதுவா?" என்றாள் ஸ்டமாத்தியா.

"இதேதான். மூஞ்சியைப் பாக்காதே. விலையைக் கேளு, மூஞ்சி தன்னால அழகாயிடும்."

"எவ்வளவு?"

"பேர் பெத்த கம்பெனி வண்டியில பாதி."

"அப்போ மீதிப் பாதி எங்க இருக்குன்னு நான்தான் தேடணும்."

"அதுக்குத்தானே உன்னை வச்சிருக்கேன்."

மிரினா துறைமுகத்துக்குப் பின்னால் ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவர் பன்டெலிஸ். இரண்டு கார், ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு சுவர்க் கடிகாரம், அதுதான் பள்ளி. அந்த மோட்டார் சைக்கிள் செப்டம்பரில் இன்ஜின் இறுகிப் படுத்தது, எழுந்திருக்கவில்லை. ஸ்டமாத்தியா அங்கே சொல்லிக்கொடுக்கிறவள். லாரிசாவிலிருந்து கல்யாணமாகி லிம்னோஸ் தீவுக்கு வந்து பதினோரு வருஷம். அவள் பெயரைக் கூப்பிட்டால் அந்த ஊர்ப் பேச்சில் 'நிறுத்து' என்று சொல்வது போலக் கேட்கும். வண்டி சொல்லிக்கொடுப்பவளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாதென்று ஊரே சொல்லிச் சிரித்து ஓய்ந்துவிட்டது. அவளுக்கு மட்டும் இன்னும் ஓயவில்லை. புதிதாக ஒருவன் சேர்ந்தால் முதல் நாளே அந்த வேடிக்கையைத் தான் கண்டுபிடித்தது போலச் சொல்லுவான். அவளும் முதல் தடவை கேட்பது போலச் சிரித்து வைப்பாள்.

கடலுக்கு அக்கரையில் கவாலாவிலிருந்த வியாபாரி மூன்று நாள் அவகாசம் கொடுத்திருந்தான். ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் வியாழக்கிழமை மூன்று மணிக் கப்பலில், வந்தது போலவே திருப்பி அனுப்புங்கள்.

"உனக்குச் சரின்னா எனக்குச் சரி," என்றார் பன்டெலிஸ். "சரியில்லேன்னா போகட்டும். வசந்த காலத்துல வேற பாத்துக்கலாம்."

வசந்த காலம் என்ற இடத்தில்தான் ஸ்டமாத்தியாவுக்கு இடித்தது. ஆர்கிரோவால் வசந்த காலம் வரை காத்திருக்க முடியாது.

ஆர்கிரோ கொன்டியாஸ் கிராமத்துக்காரி. முப்பத்தாறு வயது, ஒன்பது வயதில் ஒரு மகள். கோடையில் கடற்கரை விடுதிகளில் படுக்கை மாற்றுவாள். அக்டோபர் பிறந்து வெளியூர்க்காரர்கள் போய்விட்டால் அவள் கையும் காலியாகிவிடும். இந்த வருஷம் நகராட்சியில் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை அவளுக்கு வந்திருந்தது. கிராமம் கிராமமாகப் போக வேண்டும். வண்டி அவர்களே கொடுப்பார்கள், கிளட்ச் வைத்த மோட்டார் சைக்கிள். அதற்கான உரிமத்தை மாதக் கடைசிக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்கு வேலை போய்விடும், ஆர்கிரோ மகளைக் கூட்டிக்கொண்டு கவாலாவில் அக்கா வீட்டுச் சோபாவுக்குப் போய்விடுவாள். தேர்வு அடுத்த செவ்வாய். தேர்வுக்கு வண்டி கொண்டுவருவது பள்ளியின் பொறுப்பு.

ஆக, 'வேண்டாம்' என்று ஸ்டமாத்தியா சொன்னால் ஆர்கிரோவுக்கு ஊர் இல்லை. மனசு இரங்கி 'சரி' என்று சொல்லிவிட்டால், வருகிற பத்து வருஷத்துக்கு அந்தத் தீவில் பழகுகிற ஒவ்வொரு பிள்ளையும் அந்த வண்டியில்தான் விழுந்து எழுந்திருக்கும். இரண்டும் அவள் நாக்கில் இருந்தன.

அதனால் அவள் வண்டியின் மேல் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை.

பழைய கால்பந்துத் திடலுக்குப் பின்னால் ஒரு தார்த்தரை உண்டு. அங்கேதான் கூம்புகளை அடுக்கிப் பாடம் நடக்கும். திங்கள் மத்தியானமே வண்டியை அங்கே கொண்டுபோனாள். வேகமாக ஓட்டிப் பார்ப்பவர்கள் வேறு. அவள் நடக்கிற வேகத்தில் ஓட்டினாள். அரைக் கிளட்சில் ஊர்ந்தாள். வேண்டுமென்றே இன்ஜினை இருபது தரம் அணைத்தாள், இருபது தரமும் முதல் தட்டலிலேயே கிளம்புகிறதா என்று பார்த்தாள். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிகிறதா, வெயிலில் நியூட்ரல் விளக்கு கண்ணுக்குத் தெரிகிறதா, குட்டைக் கைக்குப் பிரேக் எட்டுகிறதா, ஸ்டாண்டை மடக்க மறந்தால் இன்ஜின் அணைகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முன் பிரேக்கை ஒரு பயந்தாங்கொள்ளி பிடிப்பது போல வெடுக்கென்று பிடித்தாள்.

செவ்வாய்க்கிழமை ஒரு பழைய மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அது எதுக்கு?" என்றார் பன்டெலிஸ்.

"படுக்கப் போடறதுக்கு."

"யாரை?"

"வண்டியை." சொல்லிக்கொண்டே அதை மெத்தையின் மேல் இடப்பக்கமாகச் சாய்த்தாள். பிறகு நிமிர்த்தி வலப்பக்கமாகச் சாய்த்தாள். பன்டெலிஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"கீறல் விழுந்தா அவன் திருப்பி வாங்க மாட்டான், பொண்ணே."

"கீறல் விழாது. எது முதல்ல தரையைத் தொடுதுன்னு பாக்கறேன். ஹேண்டில்பார் முனைதான் தொடுது, கிளட்ச் லீவர் தப்பிச்சுடுது. நல்ல வண்டின்னா ஓடத் தெரிஞ்சாப் போதும். பழகுற வண்டிக்கு விழத் தெரியணும்."

"தூக்க முடியுதா?"

"ஒரு ஆட்டை விடக் கனம், உங்களை விட லேசு."

செவ்வாய் சாயங்காலம் அவள் தன் நோட்டில் எழுதினாள்: கண்ணாடி ஆடுகிறது, திருகு இறுக்க வேண்டும். ஹார்ன் சளி பிடித்தது போல இருக்கிறது. மற்றபடி நல்ல வண்டி. எழுதிவிட்டு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மீதிப் பாதி எங்கேயென்று தேடினவளுக்கு அது வண்டியிலேயே கிடைத்துவிட்டது.

புதன்கிழமை ஆர்கிரோ வந்தாள்.

அவள் வந்தது வாத்தில். அந்தத் தீவில் எல்லாரும் எல்லா இடத்துக்கும் வருவது வாத்தில்தான். கால் நுழைக்க நடுவே பள்ளம் விட்ட, கிளட்ச் இல்லாத சின்ன வண்டி அது. பார்க்க வாத்து மாதிரி இருப்பதாக எவனோ எப்போதோ சொன்னான், பெயர் நின்றுவிட்டது. கூடை திராட்சையும், பால்கட்டிப் பெட்டியும், இரண்டு பிள்ளைகளும், ஓர் ஆட்டுக்குட்டியும் அதில் போகும். ஆர்கிரோவும் பதினாறு வயதிலிருந்து அதில்தான் போய்வருகிறாள்.

"டீச்சர், புதுப் பொண்ணு இதானா?" என்று வண்டியைத் தடவினாள். "பழைய கிழவி மாதிரி எண்ணெய் ஒழுகலையே."

பழைய வண்டியில் பத்துப் பாடம் முடித்தவள் அவள். முதல் இரண்டு பாடம் கியரில் தடுமாறினாள், அது அந்தத் தீவில் எல்லாருக்கும் வருகிற நோய். பிறகு நன்றாகவே ஓட்டினாள். அதனால் ஸ்டமாத்தியா அதிகம் சொல்லவில்லை. "இரண்டாவது போட்டு அந்த முனை வரைக்கும் போ. மூணாவது போட்டு வேகம் பிடி. கூம்புகிட்ட வந்ததும் விலகு. அவ்வளவுதான்."

முதல் கியர், சரி. இரண்டாவது, சரி. வண்டி வேகம் பிடித்தது. ஆர்கிரோவின் கண் கூம்பின் மேல் போனது. அடுத்த கணம் இன்ஜின் ஊளையிட்டது. பின்சக்கரம் கீச்சென்று இழுபட்டு, வண்டி மூக்கால் முட்டுவது போலக் குனிந்து நின்றது. பயப்படாதீர்கள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூம்பு ஒன்றுதான் உருண்டது.

"மன்னிச்சிடுங்க, டீச்சர். மறுபடி போறேன்."

மறுபடியும் அதே ஊளை. மூன்றாம் தரம் அவள் மெதுவாக, உதட்டைக் கடித்துக்கொண்டு போனாள், சரியாக வந்தது. நான்காம் தரம் வேகமாகப் போகச் சொன்னாள் ஸ்டமாத்தியா. வண்டி வெட்டி இழுத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஆர்கிரோவைப் புல்லின் மேல் உட்கார வைத்தது. இந்தத் தடவை மெத்தை தூரத்தில் இருந்தது. ஆனால் அக்டோபர் மழைக்குப் புல் நன்றாக வளர்ந்திருந்ததால் வண்டிக்கும் கீறல் இல்லை, அவளுக்கும் இல்லை.

ஸ்டமாத்தியா வண்டியை வாங்கித் தானே ஓட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வெண்ணெயில் கத்தி இறங்குவது போலப் போனது. திரும்பி வந்து இறங்கினாள்.

"என்கிட்ட நல்லா இருக்கு."

"அப்போ நான்தான் நல்லா இல்லை," என்றாள் ஆர்கிரோ.

திடலின் சுவரோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் பன்டெலிஸ். ஸ்டமாத்தியாவைத் தனியே கூப்பிட்டார்.

"பயம். அவளுக்குப் பயம், வேற ஒண்ணுமில்லை."

"பயந்தவ மூணாந்தரம் எப்படிச் சரியா போட்டா?"

"அப்போ வண்டி கோளாறு."

"கோளாறுன்னா எனக்கு ஏன் வரலை?"

"பொண்ணே, ஒண்ணு வண்டி சரியில்லை, இல்ல அவ சரியில்லை. நாளைக்கு மத்தியானம் எது சரியில்லைன்னு சொல்லு. வண்டி சரியில்லைன்னா கப்பல்ல ஏத்தறேன். உன்னை நம்பி வாங்கி, நாளைக்கு ஒருத்தன் பிள்ளை கால் ஒடிஞ்சு வந்து நின்னா, நான் கோயிலுக்குப் போய் எந்த மூஞ்சியோட மெழுகுவத்தி ஏத்துவேன்?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. காரை எடுத்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். புது வண்டியைக் கொட்டகையில் பூட்டினாள் ஸ்டமாத்தியா. வெளியே வந்தால் ஆர்கிரோ தன் வாத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு, கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"டீச்சர், நீங்களும் ஊருக்குள்ளதானே போறீங்க. நீங்க ஓட்டுங்க, நான் பின்னாடி உக்காந்துக்கறேன். இந்தக் கையை வச்சுக்கிட்டு என்னால முடியாது."

"நானா? இதையா?"

"ஏன், வாத்து கடிக்குமா?"

"நான் இதுல ஏறினதே இல்லை."

ஆர்கிரோ அழுகையை மறந்து அவளைப் பார்த்தாள். "பதினோரு வருஷமா இந்தத் தீவுல இருக்கீங்க. ஒரு வாத்து மேல ஏறினது இல்லையா?"

"லாரிசாவுல எங்க அப்பாகிட்ட பெரிய வண்டி இருந்துச்சு. அதுல பழகினேன். அப்புறம் பள்ளிக்கூட வண்டி."

"இந்தத் தீவுக்காரப் புருஷன்கூட எப்படித்தான் குடித்தனம் பண்றீங்களோ," என்று சொல்லி ஆர்கிரோ பின்னால் ஏறிக்கொண்டாள்.

ஸ்டமாத்தியா கிளப்பினாள். முதல் கியர் போட்டு, இரண்டாவதும் எப்படியோ போட்டுவிட்டாள். வளைவு தாண்டி நேர்ச்சாலை வந்தது. எதிரே ஒரு டிராக்டர். கண் டிராக்டரின் மேல் இருக்க, கால் தானாகக் கியர் லீவரின் கீழே நுழைந்து மேலே தூக்கியது. வாத்து ஊளையிட்டுத் தலை குனிந்து நின்றது. ஆர்கிரோவின் தலைக்கவசம் அவள் தலைக்கவசத்தில் மடாரென்று மோதியது. டிராக்டர்க்காரர் ஹார்ன் அடித்துச் சிரித்துக்கொண்டே போனார்.

"டீச்சர்," என்றாள் ஆர்கிரோ பின்னாலிருந்து, மிக மரியாதையாக. "தூக்கக் கூடாது. அமுக்கணும். இதுல எல்லாமே முன்னாடி அமுக்கறதுதான். ஒண்ணு, ரெண்டு, மூணு, எல்லாம் முன்னங்காலால. குறைக்கணும்னாத்தான் குதிகால்."

ஸ்டமாத்தியா குனிந்து தன் இடது காலைப் பார்த்தாள். காலுக்கு முன்னால் ஒரு மிதி, பின்னால் குதிகாலுக்கு ஒரு மிதி. நடுவே பாதம் தொட்டிலில் கிடக்கிற பிள்ளை மாதிரி கிடந்தது.

"ஆர்கிரோ, புது வண்டியில லீவர் எப்படி இருந்துச்சு?"

"இதே மாதிரிதான். அதனாலதான் எனக்கு முதல்ல ஏறினதும் அப்பாடான்னு இருந்துச்சு. நம்ம வண்டி மாதிரி இருக்கேன்னு."

"பழைய கிழவியில?"

"அதுல பின்னாடி ஒண்ணும் கிடையாதே. முன்னாடி மட்டும் ஒரு குச்சி."

சாலையோரத்தில், டிராக்டர் கிளப்பிய மண் அடங்குவதற்குள், ஸ்டமாத்தியாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புது வண்டியிலும் முன்னால் ஒரு மிதி, குதிகாலுக்கு ஒரு மிதி. ஆனால் வேலை நேர்மாறு. அதில் முன்னால் அமுக்கினால் கியர் குறையும், குதிகாலால் அமுக்கினாலோ முன்னால் தூக்கினாலோ ஏறும். அவளுக்குத் தூக்கித்தான் பழக்கம், குதிகால் மிதியை அவள் கால் ஒரு தரம்கூடத் தொட்டதில்லை. மூன்று நாள் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தவள், அது அங்கே இருப்பதையே கவனிக்கவில்லை. ஆர்கிரோவின் காலோ அதன் மேல் ஏறினதும், இருபது வருஷத்து வீட்டுக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டது. நிதானமாகப் போகும்போது தலை சொன்னதைக் கேட்டது. வேகம் வந்து தலை கூம்பைப் பார்க்கப் போனதும், தனக்குத் தெரிந்ததைச் செய்தது.

"நீயும் சரி, வண்டியும் சரி," என்றாள். "ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு தகரத் துண்டு இருக்கு."

வியாழன் காலை பத்து மணிக்கு மெக்கானிக் வீரோனாஸ் கொட்டகைக்கு வந்தான். பழைய வண்டியின் லீவரைக் கழற்றிப் புதியதில் பொருத்திப் பார்த்தான். பல் சேரவில்லை. வேறு லீவர் வரவழைக்க மூன்று வாரம் என்றான் வியாபாரி, போனில்.

"அப்போ அறுக்கறதுதான்," என்றான் வீரோனாஸ். "பின்பாதியை அறுத்து, அரம் போட்டு வழவழன்னு பண்ணிட்டா முன்பாதி அதுபாட்டுக்கு இருக்கும். பத்து நிமிஷ வேலை."

"அறுத்தா?" என்றார் பன்டெலிஸ்.

"அறுத்தா ஒட்டாது, பெரியவரே."

"அதைத்தான் கேக்கறேன். அறுத்தா அது நம்ம வண்டி. கப்பல்ல ஏறாது." அவர் ஸ்டமாத்தியாவைப் பார்த்தார். "இந்தக் கதை உன் மண்டையில உருவானது. உண்மையா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

அதுவும் தப்பில்லை. ஸ்டமாத்தியா புது வண்டியைத் தெருவோரம் தள்ளிக்கொண்டு வந்து, இன்ஜினைக் கிளப்பாமல் நடு ஸ்டாண்டில் நிறுத்தினாள். படுத்துப்போன பழைய வண்டியையும் பக்கத்தில் நிறுத்தினாள். அப்புறம் தெருவில் வந்த முதல் வாத்தைக் கை காட்டி மறித்தாள்.

ரொட்டிக்கடை சரான்டிஸ். தலைக்கவசம் முழங்கையில் தொங்கியது.

"முழங்கை ஒடிஞ்சா ஒட்டிக்கும், சரான்டிஸ். தலை ஒட்டாது."

"அபராதமா, டீச்சர்?"

"இல்லை. இதுல ஏறி உக்காரு. ரெண்டாவது கியர்ல போயிட்டிருக்கே. எதிர்ல பாதிரியார் வர்றாரு. அவரைப் பாத்துக்கிட்டே மூணாவது போடு."

அவன் யோசிக்கவே இல்லை. முன்னங்காலால் அமுக்கினான்.

"இப்போ பழையதுல ஏறு. அதே மாதிரி."

சரான்டிஸ் பழைய வண்டியில் ஏறினான். கால் அந்தரத்தில் நின்றது. குனிந்து பார்த்தான். "இதுல எப்படி? மேலயா, கீழயா?"

இரண்டாவதாக வந்தவள் பள்ளிக்கூடச் சமையல்காரி, பின்னால் முட்டை அட்டையைக் கட்டிக்கொண்டு. புதியதில் அமுக்கினாள். பழையதில் நிறுத்தி, "எப்படிப் போடணும்?" என்று கேட்டாள்.

மூன்றாவதாக, சொல்லி வைத்தது போல, பாதிரியாரே அங்கியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வாத்தில் வந்தார்.

"சாமி, ஒரு நிமிஷம். எதிர்ல பாதிரியார் வர்றதா நினைச்சுக்கிட்டு..."

"என்னை நானே எப்படிம்மா எதிர்ல பாக்கறது?"

"அப்போ பிஷப் வர்றதா வச்சுக்குங்க."

பிஷப் என்றதும் பாதிரியாரின் கால் படபடவென்று இரண்டு தரம் அமுக்கிவிட்டது. பழைய வண்டியில் அவரும் குனிந்து, "இது என்ன ஏற்பாடு?" என்று கேட்டார்.

வீரோனாஸ் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டான். பன்டெலிஸ் சிரிக்கவில்லை. இரண்டு லீவர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா," என்றாள் ஸ்டமாத்தியா. "பழையதுல மூணு பேரும் கேட்டாங்க. கேக்கற கால் கத்துக்கும். தெரியும்னு நினைக்கற கால்தான் விழும்."

"அறுத்துட்டா ஆர்கிரோ விழ மாட்டாளா?"

'மாட்டாள்' என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. பன்டெலிஸ் அவள் சொல்லை நம்புவார், எப்போதும் நம்பியிருக்கிறார். ஸ்டமாத்தியாவுக்கு அந்தச் சொல் தொண்டை வரை வந்தது. மென்று விழுங்கினாள்.

"தெரியாது. நேத்து நாலு தரத்துல மூணு தரம் தப்புப் போட்டிருக்கா, அந்த மிரட்சி காலுக்குள்ள இருக்கும். அஞ்சு நாள்ல போகுமான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வண்டியைப் பத்திக் கேட்டா, சத்தியம் பண்ணுவேன். நான் பாத்த சின்ன வண்டிகள்லேயே பழகறவங்களுக்கு இதைவிடத் தோதா ஒண்ணு இந்த விலைக்குக் கிடைக்காது. அவ தேறலைன்னாலும் இது நமக்கு வேணும். தேறணும்னாலும் இதுதான் வேணும்."

துறைமுகத்தில் கப்பல் வந்து திரும்புகிற சத்தம் கேட்டது. பன்டெலிஸ் கழுத்தை நீவிக்கொண்டார். வியாபாரியின் ரசீதை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"வீரோனாஸ்," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "ரம்பத்தைக் கொண்டா."

பத்து நிமிஷ வேலை இருபது நிமிஷமாயிற்று. துண்டு விழுந்ததும் பன்டெலிஸ் அதை எடுத்து எடை பார்ப்பது போலக் கையில் ஆட்டினார். "இதுக்கும் சேத்துல்ல விலை குடுத்தேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை ஆர்கிரோ ஏறி உட்கார்ந்தாள். அவள் இடதுகால் பின்னால் எதையோ தேடியது. கிடைக்கவில்லை.

"என்னவோ செருப்பு இல்லாம நிக்கற மாதிரி இருக்கு, டீச்சர்."

"அப்படித்தான் இருக்கணும். போ."

முதல் ஓட்டத்தில் ஊளை. இரண்டாவதிலும் ஊளை. மூன்றாவதில் வேகம் வந்ததும் ஆர்கிரோவின் கால் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. நேற்று ரொட்டிக்கடைக்காரன் கால் நின்றதே, அதே நிறுத்தம். பிறகு கீழே நுழைந்து தூக்கியது. அன்று முப்பது தரம் ஓட்டினாள், நான்கு தப்பு. சனிக்கிழமை இரண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து ஓட்டினாள், தப்பே இல்லை. திங்கட்கிழமை காற்று பேயாக வீசியது, மறுபடி ஒரு தப்பு. அந்த ஒன்றை நினைத்து அன்று இரவு இரண்டு பெண்களும் அவரவர் வீட்டில் சரியாகத் தூங்கவில்லை.

அந்த நாட்களில் ஆர்கிரோவுக்கு ஒரு கட்டளை இருந்தது, வாத்தைத் தொடக் கூடாது. ஊரெல்லாம் நடந்தாள். மகளும் கூடவே நடந்தாள். கொன்டியாஸ் காப்பிக்கடை வாசலில், "என்ன ஆர்கிரோ, வாத்தை அறுத்துத் தின்னுட்டியா?" என்று கேட்டார்கள். "உங்களுக்கும் ஒரு இறக்கை வச்சிருக்கேன், வாங்க," என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

செவ்வாய்க்கிழமை தேர்வு அதிகாரி கறுப்புக் கண்ணாடியும் கோப்புமாக வந்தார். அதிகம் பேசாத மனிதர். திடலில் கூம்புகளுக்கு நடுவே ஆர்கிரோ ஊர்ந்தாள், நின்றாள், வளைந்தாள். விலகல் பயிற்சியில் மூன்றாவது கியரில் வந்து, கூம்பைத் தொடாமல் விலகினாள். அதிகாரி கோடு போட்டார். அது நல்ல கோடா கெட்ட கோடா என்று ஸ்டமாத்தியாவால் பார்க்க முடியவில்லை. அவர் கோப்பைச் சாய்த்துப் பிடித்திருந்தார்.

பிறகு சாலை. ஆர்கிரோ முன்னால் வண்டியில், பின்னால் பன்டெலிஸ் ஓட்டுகிற காரில் ஸ்டமாத்தியாவும் அதிகாரியும். ஆர்கிரோவின் தலைக்கவசத்துக்குள் ஒரு சின்ன ஒலிபெருக்கி, ஸ்டமாத்தியா கையில் பேசுகிற கருவி. இவள் சொன்னால் அவளுக்குக் கேட்கும், அவள் பதில் சொல்ல முடியாது. வழி மட்டும்தான் சொல்லலாம், வேறு ஒரு சொல் சொன்னால் தேர்வு ரத்து.

"நேராப் போ, ஆர்கிரோ. பிளாட்டி கிராமத்துக்குப் போற ரோட்டுல."

வண்டி ஊரைத் தாண்டியது. காற்று கடலிலிருந்து குறுக்கே அடித்தது. மேட்டின் முடிவில், சாலையோரச் சுவரைத் தாண்டி இரண்டு ஆடுகள் குதித்து நடுச்சாலையில் நின்றன. ஆர்கிரோ வேகத்தைக் குறைத்தாள், இரண்டாவது கியருக்கு இறங்கினாள். ஆடுகள் அவளைப் பார்த்தன. பெரியது வழிவிட்டது. சின்னது நின்றுகொண்டே இருந்தது.

பன்டெலிஸ் வாய்க்குள் ஆட்டுக்காரனின் ஏழு தலைமுறையையும் வாழ்த்தினார்.

சின்ன ஆடும் ஒருவழியாக நகர்ந்தது. ஆர்கிரோ முடுக்கினாள். அவள் தலை இன்னும் ஆட்டின் பக்கம் திரும்பியிருந்ததைக் காரிலிருந்து ஸ்டமாத்தியா பார்த்தாள். கண் ஒரு பக்கம், கால் தனியாக. இதுதான் அந்த இடம். கருவியை இறுக்கிப் பிடித்தாள். தூக்கு என்ற ஒரே சொல் போதும், அதைச் சொல்லக் கூடாது. இரண்டாவது கியரில் இன்ஜினின் குரல் ஏறியது, இன்னும் ஏறியது.

பிறகு குரல் மெத்தென்று தணிந்தது. மூன்றாவது. வண்டி குலுங்காமல், வெட்டாமல், சரிவில் இறங்கிப் போயிற்று.

ஸ்டமாத்தியா விட்ட மூச்சில் முன் கண்ணாடி மங்கியதாகப் பன்டெலிஸ் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார்.

அதிகாரி கோப்பில் நீளமாக ஏதோ எழுதினார். மூடினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆடு வந்ததும் பயப்படலை. அந்த ஒண்ணு போதும் எனக்கு," என்றார். "தேறிட்டாங்க. மத்தியானம் காகிதம் வாங்கிக்கலாம்." அப்புறம் முன்னால் போகிற வண்டியைச் சுட்டினார். "அது எந்தக் கம்பெனி? அடக்கமா இருக்கே."

"பேரைச் சொன்னா உங்களுக்கு வாயில நுழையாது, சார்," என்றார் பன்டெலிஸ். "நாங்க கொஞ்சம் தையல் வேலை பண்ணினோம்."

"சொல்லட்டுமா அவகிட்ட?" என்றாள் ஸ்டமாத்தியா.

"ஓட்டிட்டிருக்கும்போது வேண்டாம். கையை விட்டுக் கும்பிடப் போறாங்க."

அதுவும் நியாயம்தான். ஸ்டமாத்தியா கருவியை வாயருகே கொண்டுபோனாள். சாலை கடலைப் பார்த்து நேராகக் கிடந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் விட்டுவிட்டு, சொல்லக் கூடியதை மட்டும் சொன்னாள்.

"அடுத்து வலப்பக்கம், ஆர்கிரோ. நகராட்சிக்குப் போற ரோடு."

முன்னால் போன வண்டியில் வலப்பக்க விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது.